பெட்டியில் கிடக்கும் மயில்

ஆதம்பாக்கத்தில் நாம் அறிந்த இல்லமொன்றில், பரிசாக வந்த அச்சுத் துணியொன்று பெட்டியிலேயே கிடக்கிறது. நடுவிலுள்ள மயில் அழகுதான். சுற்றிலும் கண்ணை உறுத்தும் ரோஜா நிறம்! ஒட்டுப்போர்வையில் வைக்கவும் மனமில்லை. கொடுத்த அத்தை வருந்துவாளே என்று எறியவும் மனமில்லை.

இதற்கு வழி நமது சோழமண்டலக் கரையின் சரித்திரத்தில் உண்டு. இக்கரையிலிருந்து சென்ற சீட்டித் துணிகளில் மோகங்கொண்டது இங்கிலாந்து. அங்குள்ள நெசவாளர் முறையிடவே, அச்சிட்ட பருத்தித் துணிகளை உடுத்தலாகாதென்று 1721-இல் சட்டம் பிறந்தது; 1774-இல்தான் அது நீங்கிற்று. அந்நூற்றாண்டில் ஆங்கில மாதர் சீட்டியிலிருந்து பூவையும் பறவையையும் மட்டும் கத்தரித்து, வெள்ளைத் துணியில் பதித்துப் போர்வை தைத்தனர்.

சகோதரிகளே, முதலில் துணியை நனைத்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள். பின்னர் மயிலை மட்டும் கத்தரித்து, துவைத்த வெள்ளைக் கதரில் பதியுங்கள். எஞ்சியதைச் சிறு சதுரங்களாக்கி ஓரத்தில் சேர்த்தால், உறுத்திய நிறமே நெற்றிப் பொட்டாய் விளங்கும். அத்தையின் அன்பும் வீணாகாது.