இழுப்புக்குக் காரணம் பாத்ரூம் சுவரா?

"ராத்திரி படுத்தா போதும் டாக்டர், நெஞ்சு கர்கர்னு இழுக்குது. பகல்ல நல்லாத்தான் ஓடி ஆடுறான்."

ஏழு வயது மகனோடு வந்த ஒரு தாய் சொன்னது. ஆடாதோடை சேர்ந்த மருந்து கொடுத்தேன். குறையும், பத்து நாளில் திரும்பி வரும். இரண்டு மாதம் இப்படியே ஓடியது. ராத்திரி மட்டும் ஏன் என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். கேட்காதது என் தப்புதான்.

"பையன் எங்கம்மா படுக்கிறான்?" என்றேன் ஒருநாள். பாத்ரூமை ஒட்டிய அறை. தலைமாட்டில் பீரோ. வீட்டுக்குப் போய் அதை நகர்த்திப் பார்த்திருக்கிறார்கள். சுவரெல்லாம் கறுப்புப் பூசணம்! "ரெண்டு தடவை பெயிண்ட் அடிச்சாச்சு டாக்டர், மறுபடி வருது." வராமல் என்ன செய்யும்? ஈரம் உள்ளே இருக்கிறதே!

ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் மூச்சுக்கோளாறு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. ஆகவே வைத்தியம் சுவருக்கும் வேண்டும்.

எடுத்தவுடன் சுவரை உடைக்காதீர்கள். ஒழுகுவது ஓரிடம், ஈரம் தெரிவது வேறிடமாக இருக்கும். முதலில், ராத்திரி எல்லாக் குழாயையும் மூடி, மோட்டாரையும் போடாமல், மாடித் தொட்டியில் தண்ணீர் மட்டத்தைச் சாக்பீஸால் குறித்து வையுங்கள். காலையில் நன்றாக இறங்கியிருந்தால், தண்ணீர் வரும் குழாயில்தான் எங்கோ கசிவு. அடுத்த ராத்திரி பாத்ரூமுக்குப் போகும் வால்வை மட்டும் மூடிப் பாருங்கள். இப்போது இறங்கவில்லையென்றால் குற்றவாளி பாத்ரூம் குழாய். பிளம்பரைக் கூப்பிடலாம்.

தொட்டி இறங்கவில்லையா? பிளாஸ்டிக் பையில் துணியைச் சுற்றி, தரையில் தண்ணீர் போகும் துளையை இறுக அடையுங்கள். வாசல்படி தாண்டாமல் இரண்டு விரற்கடை தண்ணீர் நிறுத்தி, மட்டத்தைக் குறியுங்கள். சில மணி நேரத்தில் குறைந்தால் டைல்ஸ் இடுக்கிலோ துளையைச் சுற்றியோ இறங்குகிறது. குறையாமல் நின்று, துணியை எடுத்துவிட்ட பிறகு சுவர் நனைந்தால், கழிவுக் குழாய் இணைப்பில் கோளாறு.

இவர்கள் வீட்டில் தண்ணீர் மளமளவென்று இறங்கியது. கொத்தனார்கள் 'நஹானி ட்ராப்' என்கிறார்களே, அந்தத் துளைக்கும் டைல்ஸுக்கும் நடுவே பூச்சு விட்டுப்போயிருந்தது. சுற்றிலும் நாலு டைல்ஸைப் பெயர்த்து, நீர்க்கசிவைத் தடுக்கும் கலவை சேர்த்த சிமென்ட் பூசி, திரும்பப் பதித்தார்கள். பூச்சு இறுகியதும் மறுபடி தண்ணீர் நிறுத்திப் பார்க்கச் சொன்னேன். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்; கொத்தனார் கூலி வாங்கிப் போன பிறகு யாரைக் கேட்பது?

ஈரச் சுவரில் சுவிட்ச் பெட்டி இருந்தால் அந்த லைனை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பூசணத்தைக் காய்ந்தபடியே சுரண்டினால் தூள் பறக்கும். மூக்கை மூடிக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்துத் துடையுங்கள். அப்போது பிள்ளை அந்தப் பக்கம் வரக்கூடாது. பிளீச்சிங் பவுடரையும் பாத்ரூம் ஆசிட்டையும் ஒன்றாகக் கொட்டிவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். இழுப்புக்காரர் உள்ள வீட்டில் அது விஷப்பரீட்சை.

சுவர் நன்றாகக் காயாமல் பெயிண்ட் வேண்டாம். டாக்டர் எழுதிக்கொடுத்த இன்ஹேலர் இருந்தால், சுவரைச் சரிசெய்தோம் என்று நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

பையன் இப்போது எதிர் அறையில் படுக்கிறான். போன வாரம் வந்தபோது அந்த அம்மா சொன்னார்: "ராத்திரி முழிக்கிறதே இல்ல டாக்டர்." என் மருந்துக்கும் அதில் பங்கு உண்டுதான், ஆனால் கொத்தனாருக்கு என்னைவிட அதிகம்.