இரண்டு கார்களுக்கும் 280 குதிரைகள்!

ஒரு கோடை விடுமுறையில் என் தங்கை மகனும் பக்கத்து வீட்டுப் பையனும் கார் படங்கள் அச்சிட்ட சீட்டுக்கட்டு ஒன்றை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். இந்த விளையாட்டு உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு காரின் படம், அதன் கீழே சில எண்கள். ஒருவன் தன் சீட்டைப் பார்த்து, “குதிரைத்திறன் இவ்வளவு” என்று படிப்பான். யாருடைய எண் பெரியதோ அவனுக்கே இரண்டு சீட்டுகளும் சேரும்.

திடீரென்று ஆட்டம் நின்றுவிட்டது. ஒருவன் கையில் ஹோண்டா என்.எஸ்.எக்ஸ். மற்றவன் கையில் மிட்சுபிஷி ஜி.டி.ஓ. இரண்டும் 1990ஆம் ஆண்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஸ்போர்ட்ஸ் கார்கள். இதன் குதிரைத்திறன் 280, அதற்கும் 280. இதில் 6 சிலிண்டர், அதிலும் 6. எஞ்சினின் கொள்ளளவு இதற்கு 3 லிட்டர். அதற்கும் 3 லிட்டர். “மாமா, இதில் எது நல்ல கார்?” என்று இருவரும் என்னிடம் வந்து நின்றார்கள்.

முதலில், 280 என்ற எண் இரு சீட்டுகளிலும் வந்தது தற்செயல் அன்று. 1988ஆம் ஆண்டில் ஜப்பானில் சாலை விபத்துகளில் இறந்தோர் தொகை 10,000ஐத் தாண்டியது. அங்குள்ள கார் உற்பத்தியாளர்கள், 280க்கு மேல் குதிரைத்திறன் கொண்ட கார்களை உள்நாட்டில் விற்பதில்லை என்று தமக்குள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். 1989 முதல் 2004 வரை இந்த வரம்பு நீடித்தது. நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர்., டொயோட்டா சூப்ரா, இந்த இரு கார்கள் எல்லாமே ஏட்டில் 280தான். (அதே சூப்ரா அமெரிக்காவில் 320 என்று விற்கப்பட்டது வேறு கதை!) 15 ஆண்டுகள் குதிரைத்திறனைக் கொண்டு கார்களை வேறுபடுத்தவே முடியாத ஒரு சந்தை இருந்தது. இயற்பியல் ஆசிரியனுக்கு இதைவிட நல்ல சோதனைக்கூடம் கிடைக்குமா?

குதிரைத்திறன் என்பது என்ன? தம் நீராவி எஞ்சின் எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்று வாங்குவோருக்குச் சொல்வதற்காக ஜேம்ஸ் வாட் வகுத்த அளவு அது. அவருடைய குதிரைத்திறன் 746 வாட். ஜப்பானியர் பயன்படுத்துவது மெட்ரிக் குதிரைத்திறன். 75 கிலோகிராமை ஒரு வினாடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கும் திறன் அது, ஏறத்தாழ 735.5 வாட். 50 கிலோகிராம் நிறையுள்ள நீங்கள் 3 மீட்டர் உயரமுள்ள மாடிப்படியை 4 வினாடியில் ஓடி ஏறினால், உங்கள் திறன் 50 × 9.8 × 3 ÷ 4, அதாவது ஏறத்தாழ 368 வாட். சரியாக அரைக் குதிரை! 280 குதிரைத்திறன் என்பது 206 கிலோவாட்.

திறன் என்பது வேலை செய்யும் வேகம் என்று படித்திருக்கிறீர்கள். அசையாமல் நிற்கும் காரை மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவருவதும் ஒரு வேலையே. காரின் இயக்க ஆற்றல் நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைக்கும். இங்கேதான் சீட்டில் அச்சிடாத எண் ஒன்று தலைகாட்டுகிறது. என்.எஸ்.எக்ஸ். காரின் உடல் முழுவதும் அலுமினியம். நிறை 1,350 கிலோகிராம். ஜி.டி.ஓ. 1,700 கிலோகிராம். முன்னதற்கு 521 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். பின்னதற்கு 656 கிலோஜூல். 206 கிலோவாட்டால் வகுத்தால் முன்னது 2.5 வினாடியிலும் பின்னது 3.2 வினாடியிலும் அந்த வேகத்தை அடைய வேண்டும்.

“அப்படியானால் என் கார்தான் ஜெயித்தது!” என்று என்.எஸ்.எக்ஸ். வைத்திருந்தவன் துள்ளினான். பொறு தம்பி! உண்மையில் எந்தக் காரும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டு ஓடவில்லை. இரண்டுக்குமே ஏறத்தாழ இரு மடங்கு நேரம் ஆகும். காரணம் என்ன?

திறன் = விசை × வேகம். ஆகவே விசை = திறன் ÷ வேகம். வேகம் சுழியாக இருக்கும்போது இந்தச் சமன்பாடு என்ன சொல்கிறது? முடிவிலா விசை! அப்படி ஒரு விசையைச் சாலையின் மீது செலுத்த முடியுமா? காரை முன்னே தள்ளுவது எஞ்சின் அன்று. டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்வு விசையே. அதற்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. அதை மீறினால் சக்கரம் இருந்த இடத்திலேயே சுழலும். சேற்றில் சிக்கிய லாரியின் சக்கரத்தைப் பார்த்திருப்பீர்களே! அதன் எஞ்சினுக்குத் திறன் குறைவா என்ன?

உலர்ந்த சாலையில் நல்ல டயரின் உராய்வுக் கெழு ஏறத்தாழ 1 எனக் கொள்வோம். என்.எஸ்.எக்ஸ். காரின் எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கிறது; பின் சக்கரங்கள் மட்டுமே அதை இழுக்கின்றன. காரின் எடையில் சுமார் 60 சதவீதம் அவற்றின் மீது விழுகிறது. (கார் பாய்ந்து கிளம்பும்போது எடை இன்னும் சிறிது பின்னால் சாயும். கணக்கு எளிதாக இருக்க அதை விட்டுவிடுவோம்.) ஆகவே கிடைக்கக்கூடிய விசை 0.6 × 1,350 × 9.8, அதாவது ஏறத்தாழ 7,940 நியூட்டன். 206 கிலோவாட்டை இதனால் வகுத்தால் வினாடிக்கு 26 மீட்டர் வருகிறது. மணிக்குச் சுமார் 93 கிலோமீட்டர். அந்த வேகம் வரும்வரை முடுக்கத்தை முடிவு செய்வது டயர். அதற்குப் பிறகே 280 குதிரைகளும் வேலைக்கு வருகின்றன!

ஜி.டி.ஓ. காரில் நான்கு சக்கரங்களும் இழுக்கும். அதன் முழு எடையும் உராய்வுக்கு உதவுகிறது. எனவே அது கிளம்பும்போது பெறக்கூடிய முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்துக்கே சமம், அதாவது 9.8. என்.எஸ்.எக்ஸ். காருக்கோ அதில் 60 சதவீதமான 5.9தான். நம்முடைய எளிய கணக்கின்படி மணிக்கு 74 கிலோமீட்டர் வேகம் வரை கனமான கார் முந்துகிறது. அதற்கு மேல் இலேசான கார் அதிக முடுக்கம் பெறுகிறது. வேண்டுமானால் நீங்களே போட்டுப் பாருங்கள். மழை பெய்து உராய்வுக் கெழு குறைந்தால் இந்த எல்லை வேகமும் உயரும். மழைநாளில் நான்கு சக்கர இழுப்பின் மதிப்பு மேலும் கூடும்.

இன்னொரு சூழ்ச்சியும் அந்த எண்ணில் ஒளிந்திருக்கிறது. 280 என்பது எஞ்சின் எப்போதும் தரும் திறன் அன்று. ஒரே ஒரு சுழற்சி வேகத்தில் தரும் உச்சத் திறன். என்.எஸ்.எக்ஸ். எஞ்சின் அந்த உச்சத்தைத் தொட நிமிடத்துக்கு 7,300 சுற்றுகள் சுழல வேண்டும். ஜி.டி.ஓ. எஞ்சினுக்கு 6,000 சுற்றுகள் போதும். அதில் இரண்டு டர்போ சார்ஜர்கள் காற்றை அழுத்தி உள்ளே செலுத்துவதால் தண்டைத் திருகும் முறுக்கு விசை குறைந்த சுழற்சியிலேயே மிகுந்துவிடுகிறது. 2,500 சுற்றில் அதன் முறுக்கு விசை 42.5 கிலோகிராம்-மீட்டர். முறுக்கு விசையைச் சுழற்சி வேகத்தால் பெருக்கினால் திறன் கிடைக்கும். கணக்கிட்டால் 148 குதிரைத்திறன். என்.எஸ்.எக்ஸ். எஞ்சினின் முறுக்கு விசை எந்தச் சுழற்சியிலும் 30ஐத் தாண்டுவதில்லை. ஆகவே 2,500 சுற்றில் அதனிடம் 105 குதிரைகளுக்கு மேல் இருக்க முடியாது. ஊருக்குள் அலட்டிக்கொள்ளாமல் கார் ஓட்டுபவருக்கு 148க்கும் 105க்கும் உள்ள வேறுபாடு நன்றாகவே தெரியும். ‘280’ என்ற எண் அவருக்கு அதைச் சொல்லவில்லை.

“உச்ச வேகத்துக்காவது குதிரைத்திறன் வேண்டாமா?” வேண்டும். ஆனால் அங்கே காற்று தன் கப்பத்தை வசூலிக்கிறது. காற்றின் தடை விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். அதை மறுபடியும் வேகத்தால் பெருக்கினால்தானே திறன்? ஆகவே தேவையான திறன் வேகத்தின் கனத்துக்கு ஏற்ப உயர்கிறது. வேகம் இரு மடங்காக வேண்டுமானால் திறன் எட்டு மடங்காக வேண்டும்! புகாட்டி வேரான் காரைப் பாருங்கள். 2005ஆம் ஆண்டில் 1,001 குதிரைத்திறனோடு அது மணிக்கு 407 கிலோமீட்டரை எட்டியது. 2010ஆம் ஆண்டில் அதன் புதிய வடிவம் 1,200 குதிரைத்திறனோடு 431ஐத் தொட்டது. திறன் 20 சதவீதம் கூடியும் வேகம் கூடியது 6 சதவீதமே. 1.06ஐ மும்முறை பெருக்கிப் பாருங்கள், 1.19 வரும். கன விதி எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது!

நம் ஜப்பானியக் கார்களுக்கோ இந்தப் பேச்சே தேவையில்லை. உள்நாட்டில் விற்றவை மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி உற்பத்தியாளர்களே தடை வைத்திருந்தார்கள். அந்த வேகத்தைச் சமதளத்தில் நிலையாகக் காப்பதற்கு இத்தகைய வழவழப்பான உடல் கொண்ட காருக்கு 100 குதிரைத்திறன்கூட வேண்டியதில்லை.

இனி, சீட்டில் யாரும் அச்சிடாத மற்றொரு குதிரைத்திறனைச் சொல்கிறேன். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஜி.டி.ஓ. காரின் முன்னே ஒரு குழந்தை ஓடி வருகிறது என்று வையுங்கள். ஓட்டுநர் பிரேக்கை அழுத்துகிறார். உராய்வுக் கெழு 1 என்றால் கார் நிற்க 2.8 வினாடி ஆகும். அதற்குள் 656 கிலோஜூல் ஆற்றல் முழுவதையும் பிரேக்குகள் வெப்பமாக மாற்றியாக வேண்டும். சராசரித் திறன் 232 கிலோவாட், அதாவது 315 குதிரைத்திறன்! பிரேக்கை அழுத்திய முதல் கணத்தில் அதைப் போல் இரு மடங்கு. எஞ்சினைவிடப் பெரிய வேலைக்காரன் பிரேக்தான். ஆனால் அவன் பெயரை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. கார் நிற்பதற்குள் 39 மீட்டர் ஓடியிருக்கும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்கு ஒரு வினாடி ஆனால் இன்னும் 28 மீட்டர். வேகம் 140 என்றால் பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரமே 77 மீட்டர். இந்தத் தூரங்களில் 280 குதிரைகளில் ஒன்றுகூட உதவிக்கு வராது.

அச்சிட்ட எண்ணையே முழுதாக நம்பலாமா என்றும் பையன்கள் கேட்டார்கள். அமெரிக்கக் காரான கார்வெட்டின் அடிப்படை எஞ்சின் 1971ஆம் ஆண்டில் 270 குதிரைத்திறன் என்று விற்கப்பட்டது. 1972இல் 200 என்று விற்கப்பட்டது. எஞ்சின் ஏறக்குறைய அதேதான். முன்பு எஞ்சினைத் தனியே மேடையில் நிறுத்தி, மின்னாக்கி முதலிய துணைக் கருவிகள் இல்லாமல் அளந்தார்கள். பிறகு காரில் உள்ளபடியே எல்லாவற்றையும் பூட்டி அளக்கத் தொடங்கினார்கள். 70 குதிரைகளில் பெரும்பாலானவை காகிதத்திலிருந்தே ஓடிவிட்டன.

1992ஆம் ஆண்டில் ஹோண்டா பொறியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 280ஐத் தாண்டக் கூடாது. ஆகவே குதிரைத்திறனைத் தொடாமல், குளிர்பதனக் கருவி, ஒலித்தடுப்பு விரிப்புகள் போன்றவற்றைக் கழற்றி எறிந்து 1,350 கிலோகிராமை 1,230 ஆக்கினார்கள். சீட்டுக்கட்டுக் கணக்கில் இந்தக் காரும் பழைய காரும் ஒன்றே! ஓட்டியவர்களுக்கு மட்டும் வேறுபாடு தெரிந்தது. விலையையும் சொல்லிவிடுகிறேன்: தொடக்கத்தில் என்.எஸ்.எக்ஸ். சுமார் 80 லட்சம் யென்; ஜி.டி.ஓ. ஏறத்தாழ அதில் பாதி.

இதையெல்லாம் கேட்ட பையன்கள் பென்சிலை எடுத்து, இரண்டு சீட்டுகளின் ஓரத்திலும் நிறை, இழுக்கும் சக்கரங்கள், 2,500 சுற்றில் உள்ள திறன், விலை என்று எழுதத் தொடங்கினார்கள். எழுதி முடித்ததும் மறுபடியும் சண்டை வந்துவிட்டது. “மழை பெய்கிறதா, இல்லையா? அதை முதலில் சொல்லு” என்று ஜி.டி.ஓ. வைத்திருந்தவன் கேட்டுக்கொண்டிருந்தான்.