குளிர்கால இரவுணவும் மிச்சப் பண்டங்களும்

மார்கழியும் தையும் பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குத் தனியானதொரு பருவமாகும். கடல் மட்டத்திற்குமேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் அமைந்த இந்நகரில், இம்மாதங்களின் இரவு வெப்பம் 15, 16 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்குவது வழக்கம். 1884ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாளன்று அது 7.8 பாகைக்கு இறங்கியதாகப் பதிவு உள்ளது. மதுரையிலும் தஞ்சையிலும் வளர்ந்தவர்களுக்கு இக்குளிர் புதிது. அவர்களோடு வந்த சமையல் வழக்கங்களுக்கும் புதிது.

கணவனும் மனைவியும் வேலைக்குச் சென்று, வாகன நெரிசலைக் கடந்து, இருட்டிய பின் வீடு திரும்பும் காலம் இது. காலையில் வடித்த சோறு சட்டியில் கிடக்கிறது. குழம்பும் சிறிது மிஞ்சியிருக்கிறது. பிள்ளைகளோ சூடாக ஏதேனும் வேண்டும் என்கிறார்கள். முடிவில் நிகழ்வது யாது? மற்றவர்களுக்குப் புதிதாகச் சமைத்துவிட்டு, ஆறிப்போன பழையதைத் தாய் மட்டும் தனியே உண்ணுகிறாள். சிக்கனம் என்னும் பெயரால் இது பல இல்லங்களில் நாள்தோறும் நடைபெறுகிறது. மிச்சம் குடும்பம் முழுவதற்கும் உரிய உணவாக மாறவேண்டும். இல்லையேல் மிஞ்சாதபடி அளந்து சமைக்கவேண்டும். ஒருவர் வயிறு மட்டும் அதற்குக் குப்பைத் தொட்டியாதல் முறையன்று.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்றுவோம். “குளிர்தானே, வெளியே வைத்தால் சோறு கெடாது” என்பர் பலர். உணவில் நுண்ணுயிர்கள் பெருகும் வெப்பநிலை ஏறக்குறைய 5 பாகை முதல் 60 பாகை வரை ஆகும். நம் சமையலறையின் மார்கழிக் குளிர் அந்த எல்லைக்குள்ளேயே அடங்கும். அரிசியில் இயல்பாகவே காணப்படும் ‘பாசில்லஸ் சீரியஸ்’ என்னும் நுண்ணுயிரின் வித்துகள், கொதித்த பின்னும் அழியாமல் தங்கும். சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சில் ஒருவகை, மீண்டும் சூடாக்கினாலும் நீங்காது.

அப்படியாயின் நம் முன்னோர் உண்ட நீராகாரம் தீதா என்று கேட்கலாம். சமவெளியின் வெம்மையில், நீரூற்றிய சோறு ஓர் இரவுக்குள் நன்கு புளித்துவிடும். அப்புளிப்பே தீய நுண்ணுயிர்களைப் பெருமளவு தடுக்கும். இங்கோ குளிரில் புளிப்பு மெல்லவே ஏறும். ஆகவே சோற்றை அகன்ற தட்டில் பரப்பி விரைவில் ஆறவைத்து, இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மறுநாளே பயன்படுத்திவிடுக. தேங்காய் அரைத்த சட்னியைச் சேமிக்க எண்ணவேண்டா. குழம்பில் வேண்டிய அளவை மட்டும் எடுத்து நன்கு கொதிக்கவிடுக. முழுவதையும் பலமுறை சூடாக்குதல் கூடாது.

இனி இன்பமான பகுதிக்கு வருவோம். இப்பருவம் இந்நகருக்கு அளிக்கும் பெருங்கொடை அவரை. நாம் மொச்சை என்று அழைக்கும் விதையையே இங்கு ‘அவரேகாளு’ என்கின்றனர். பனி விழும் மாதங்களில் காயின் தோலில் ஊறும் நறுமணத்தைச் ‘சொகடு’ என்று போற்றுவர். விதையை நீரில் ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்தால், அதுவே தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தார் நன்கறிந்த பிதுக்கம் பருப்பு. இந்த வேலையைச் சிறுவர் சிறுமியர் விளையாட்டாகவே செய்துவிடுவர். ஞாயிற்றுக்கிழமை உரித்துப் பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று இரவுகளின் பாரம் குறையும்.

அவரையும் மிச்சச் சோறும் கூடுமிடம் அக்கி ரொட்டி. நால்வருக்கு ஒரு கோப்பைச் சோற்றை நன்கு மசித்து, இரண்டு கோப்பை அரிசிமாவு, வேகவைத்த அவரை அரைக் கோப்பை, நறுக்கிய வெங்காயம், பச்சைமிளகாய், சதகுப்பைக் கீரை, உப்பு ஆகியவற்றைச் சேர்த்து, வெந்நீர் தெளித்து மென்மையாகப் பிசைக. எண்ணெய் தடவிய ஆறிய கல்லில் உருண்டையை வைத்துக் கையால் மெல்லியதாகத் தட்டி, மூடி வேகவிடுக. சூடான கல்லில் தட்டினால் கை சுடும். ஆதலின் இரண்டு கற்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துதல் நலம். சோறு சேர்ந்த ரொட்டி மிருதுவாக இருக்கும். அது பழைய சோறு என்று எவரும் முகம் சுளிக்கமாட்டார்.

கன்னட அயலாரிடம் கற்கத்தக்க மற்றொன்று ‘பஸ்ஸாரு’. வடித்த சாறு என்பது அதன் பொருள். கீரையையும் பருப்பையும் ஒன்றாக வேகவைத்து நீரை வடித்து, அந்நீரில் மசாலை அரைத்துக் கரைத்துச் சாறு செய்வர். வடிகட்டியதைத் தாளித்துப் பொரியலாக்குவர். ஒரே கொதியில் இரண்டு பண்டங்கள், வீணாவது ஏதுமில்லை. மறுநாள் அச்சாற்றின் சுவை இன்னும் கூடும். தென்பாண்டி நாட்டார் எஞ்சிய குழம்பையும் காய்களையும் சேர்த்து வற்றவைக்கும் சுண்டக்கறிக்கு இது நெருங்கிய உறவினர் எனலாம்.

இட்லி மாவு குளிரில் பொங்குவதில்லை என்பது இங்கு எங்கும் கேட்கும் முறையீடு. உளுந்தோடு சிறிது வெந்தயம் ஊறவைத்து, வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்து, கையால் கலந்து, கம்பளியில் சுற்றி மூடிய அலமாரியில் வைத்தால் பயனுண்டு. நேரமும் கூடுதலாகத் தரவேண்டும். மிஞ்சிய மாவு மூன்றாம் நாள் குழிப்பணியாரமாகட்டும். மிஞ்சிய இட்லி உப்புமாவாகட்டும். சப்பாத்தி வெங்காயம் தக்காளியோடு கொத்திய உணவாகட்டும்.

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கையின்படி, 2022இல் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் பத்தில் ஆறு பங்கு வீடுகளில் வீணானது. எனவே இது பெரிய அரசுகள் மட்டும் தீர்க்கும் சிக்கலன்று. நம் அடுப்பங்கரையிலும் அதற்கு விடையுண்டு.

இல்லத்தரசியர்க்கு மட்டுமே இதனைக் கூறினோமில்லை. அவரை உரிப்பதும், மிச்சத்தை நேரத்தோடு எடுத்து வைப்பதும் ஆடவர்க்கும் ஆகக்கூடிய பணிகளே. இரவு எட்டு மணிக்கு எல்லோரும் ஒன்றாக அமர்ந்து, ஒரே கல்லிலிருந்து சுடச்சுட வரும் ரொட்டியைப் பகிர்ந்து உண்ணட்டும். அங்கே தாயின் தட்டும் மற்றவர் தட்டும் ஒன்றுபோலவே இருத்தல் வேண்டும். அயல்மண்ணில் நாம் காக்கும் பண்பாட்டில் இதுவும் ஒன்றன்றோ?