வேலிக் கிளிரிசிடியாவும் விறகு வருவாயும்

வில்கமுவப் பகுதியில் நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரருக்கு, வேலியில் நிற்கும் கிளிரிசிடியா ஒரு சிறு உபவருவாயைத் தரவல்லது. தேயிலை, இறப்பர், தென்னை ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக இம்மரம் 2005 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

அடிமரத்தை விட்டுக் கொப்புகளை மட்டும் வெட்டினால் அது மீண்டும் துளிர்க்கும். இலை தழைச்சத்து மிகுந்த பசளையாதலால், அதனைக் கொப்போடு காயவிடாது வயற்சேற்றில் மிதித்துவிடுதல் வேண்டும்.

கொப்புகளைத் துண்டாக்கி, நிலத்திற் படாதவாறு குறுக்குக் கட்டைகளின்மேல் அடுக்கிச் சிறுபோக வெயிலில் உலர்த்துதல் நன்று. பச்சை விறகின் நிறையில் ஏறக்குறைய பாதி நீரே. ஆதலின், நிறைப்படி விற்பவருக்குப் பச்சையாகவே கொடுத்துவிடும் எண்ணம் தோன்றுவது இயல்பு. ஆயினும், புகையும் விறகை வாங்கியவர் மறுமுறை வாரார். அடுக்கின் அளவுப்படி விலை பேசினால், உலர்த்துவதால் வரும் நட்டம் சிறிதே. 2022 ஆம் ஆண்டின் எரிவாயுத் தட்டுப்பாட்டின்போது நகரத்து வீடுகளும் உலர்ந்த விறகைத் தேடின.

மாரிகாலம் முடியும்வரை சொந்த அடுப்புக்கு வேண்டியதை ஒதுக்கிய பின் எஞ்சுவதே விற்பனைக்குரியது. அது போதாதென்று, அயலிலுள்ள வஸ்கமுவ தேசியப் பூங்காவினுள் விறகு வெட்டப் புகுதல் ஆகாது. அது சட்டப்படி குற்றம். அங்கு யானைகளும் உண்டு.