ஓடும்போதே நின்றுபோகும் பழைய டிராக்டர்: பம்ப்பை இறக்கும் முன் மூடியைத் திறந்து பாருங்கள்

சேடை ஓட்டிக்கொண்டிருக்கும் டிராக்டர் நடுவயலில் நின்றுபோனால் அன்றைய பொழுதே கெட்டுப்போகும். பறித்த நாற்று வரப்பில் வாடும். நடவு ஆட்கள் காத்திருப்பார்கள். 10 நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காததுபோல் வண்டி கிளம்பும். அரை மணி நேரம் ஓடி, மறுபடி நிற்கும். மெக்கானிக் வந்து பார்க்கும்போது மட்டும் நிற்காது!

இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். 'பம்ப் போயிருக்கும்' என்று யாரோ சொல்ல, டீசல் பம்ப்பை இறக்கி சர்வீஸுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பணமும் போகும், நாளும் போகும். பம்ப் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் இழுவை எப்போதுமே குறைவாக இருக்கும். சூடான இன்ஜினைக் கிளப்புவதும் சிரமமாகும். அரை மணி நேரம் நன்றாக இழுத்துவிட்டு நிற்கும் வண்டியில், பம்ப்புக்கு டீசல் ஒழுங்காக வந்து சேருகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வண்டி எப்படி நின்றது என்பதைக் கவனித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். பழைய டீசல் இன்ஜின் ஓடுவதற்கு ஸ்பார்க் தேவையில்லை. அதனால் பேட்டரி, டைனமோ மீது பழி போட வேண்டாம். இழுவை மெல்லக் குறைந்து, விக்கி விக்கி நின்றால் டீசல் பற்றாக்குறை. கரும்புகையோடு திணறி நின்றால் ஏர் கிளீனர் அடைப்பைப் பாருங்கள்.

டீசல் பற்றாக்குறை என்றால், வண்டி நின்றவுடனே டேங்க் மூடியைத் திறக்க வேண்டும். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, அதன்பின் வண்டி கிளம்பினால் கோளாறு மூடியில்தான். எண்ணெய் டின்னில் ஒரே ஒரு துளை போட்டால் எண்ணெய் விட்டுவிட்டுத்தானே வரும்? இங்கும் அதே கதை. டீசல் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். அதற்காக மூடியில் இருக்கும் சிறு துளையைச் சேறும் தூசியும் அடைத்துவிடும். மழைநீர் இறங்கக் கூடாது என்று மூடிக்கு அடியில் பாலித்தீன் கவரை வைத்து இறுக்குபவர்களும் உண்டு. வண்டியின் மூச்சை நாமே அடைக்கும் வேலை அது. துளையைக் கழுவி, ஊதிச் சுத்தம் செய்தால் போதும். மூடி தொலைந்திருந்தால் புதிது வாங்கிவிடுங்கள்.

மூடியில் குறை இல்லையா? டேங்க் குழாயை மூடிவிட்டு, ஃபில்டருக்குப் போகும் ஓஸைக் கழற்றி ஒரு கேனில் விட்டு, குழாயைத் திறந்து மூன்று நிமிடம் பொறுமையாகப் பாருங்கள். முதலில் தடிமனாக வந்து, பிறகு நூலாக இளைத்தால் டேங்குக்குள் குப்பை இருக்கிறது. துருச் செதிலோ, இலைத் துணுக்கோ, கரண்டை மூடிய துணிப் பிசிறோ டீசலோடு இழுபட்டு வாயில் ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் நின்றதும் இழுப்பு இல்லாததால் விலகிவிடும். 10 நிமிடம் கழித்து வண்டி கிளம்பும் மர்மம் இதுதான். டேங்க்கை இறக்கிக் கழுவுவதைத் தவிர வேறு வழியில்லை. ஃபீட் பம்ப்பின் நுழைவாயிலில் சில வண்டிகளில் சிறு வலை ஒன்று இருக்கும். ஃபில்டரை மாற்றுபவர்கள்கூட அதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்த சந்தேகம், ஏர் எடுப்பது. ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கை பம்ப்பை அடித்தால் முதலில் நுரை வரும். குமிழ் இல்லாத டீசல் வந்ததும் இறுக்கிவிட வேண்டும். மறுநாளும் நுரை வந்தால், எங்கோ காற்று நுழைகிறது. வெடித்த ரப்பர் ஓஸும், பழையதையே திரும்பப் போட்ட செம்பு வாஷரும்தான் வழக்கமான குற்றவாளிகள். வாஷர் விலை அற்பம். ஃபில்டர் மாற்றும்போதெல்லாம் புதிதாகவே போடலாம்.

பாதி காலியான டேங்கில் இரவுக் குளிரில் ஈரம் படிந்து தண்ணீராகும். அது அடியில் தங்கிவிடும். மாலையிலேயே டேங்க்கை நிரப்பி வைத்து, காலையில் வண்டியைக் கிளப்பும் முன் வடிகால் திருகைத் திறந்து கொஞ்சம் வடித்துவிடுங்கள்.

பழைய டீசல் ஜீப்புக்கும் இதே சோதனைகள் பொருந்தும். கார்புரேட்டர் வைத்த பழைய பெட்ரோல் வேன் என்றால் கணக்கு வேறு. சூடேறியபின் நின்று, ஆறியபின் கிளம்பினால் இக்னிஷன் காயிலையும் கண்டென்சரையும் மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நாசிலிலிருந்து பீறிடும் டீசலைக் கையால் தொட்டுப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் அது தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கோளாறு தீரும்வரை டிரெய்லரில் ஆட்களை ஏற்றுவதோ, ரயில்வே கேட்டைக் கடப்பதோ வேண்டாம்.

வண்டி நின்ற நேரம், டேங்கில் இருந்த டீசல் அளவு, அப்போது செய்த வேலை, மூடியைத் திறந்ததும் கிளம்பியதா என்ற நான்கையும் ஒரு துண்டுச் சீட்டில் குறித்து மெக்கானிக்கிடம் கொடுங்கள். அவர் எதிரில் வண்டி நிற்காமல் ஓடினாலும் அந்தச் சீட்டு அவருக்கு வழிகாட்டும்.