வீட்டு வாசலில் ஒரு ஜீப் பட்டறை

கம்பத்திலும் கூடலூரிலும் போடியிலும் சேவல் கூவுவதற்கு முன்பே ஜீப் உறுமிவிடுகிறது. ஏலத் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியும் கையுமாக ஏறிக்கொள்ள, வண்டிகள் மலைப்பாதையில் ஊர்ந்து இடுக்கி ஜில்லாவுக்குள் போய், பொழுது சாயும் நேரத்தில் திரும்புகின்றன. மதுரை ஜில்லாவிலிருந்து 1996-ல் தேனி தனியே பிரிந்தது. ஆனால் ஜீப்பின் ராஜ்யத்துக்கு மட்டும் ஜில்லா எல்லையும் கிடையாது, மாகாண எல்லையும் கிடையாது.

மகீந்திரா கம்பெனி ஜீப் தொழிலில் இறங்கியது 1947-ல். அந்த வண்டியின் வம்சத்தில் வந்த எத்தனையோ பழைய ஜீப்புகள் இந்தப் பக்கத்து வீடுகளுக்கு இன்றும் சோறு போடுகின்றன. இரும்புதான், ஆனால் மலை மழையும் பனியும் சேறும் சேர்ந்தால் இரும்பு என்ன செய்யும்? வீல் டிஸ்கில் துரு, பம்பரில் துரு, காலை வைத்து ஏறும் படியில் துரு. பட்டறையில் விட்டால் வண்டி நாள் கணக்கில் நிற்கும், வருமானமும் நிற்கும். ஆகவே ஒரு நல்ல நாளில் வீட்டுக்காரருக்கு யோசனை பிறக்கிறது: "ஏன், நாமே கழற்றிச் சுரண்டி வர்ணம் அடித்தால் என்ன?"

யோசனையில் தப்பில்லை. ஆனால் சாமான் வாங்கும் ஜாபிதாவை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். முதல் வரியில் 'கம்ப்ரஸர்' என்று இருக்கும். நம்மைக் கேட்டால், அது கடைசி வரியில் இருக்கவேண்டிய வஸ்து. பளபளப்பு கண்ணுக்குத் தெரிகிறது. அதைத் தாங்கி நிற்பது அடியில் உள்ள இரும்பின் சுத்தம். துருவின் மேல் எந்த உயர்ந்த வர்ணத்தை அடித்தாலும் அடுத்த மழைக்காலத்தில் அப்பளம்போல் உப்பிக்கொண்டு உதிர்ந்துவிடும். காசு முதலில் சுரண்டும் வேலைக்குப் போகவேண்டும். அதிலும் வேடிக்கை என்னவென்றால், அந்த வேலைக்கு அதிகக் காசும் தேவையில்லை.

சலவைச் சோடா நமக்குத் தெரிந்த சரக்கு. ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, நாலு லிட்டருக்கு ஒரு மேஜைக்கரண்டி வீதம் சோடாவைக் கரைத்துக்கொள்ள வேண்டும். துருப்பிடித்த பாகத்தைத் தண்ணீரில் தொங்கவிட்டு, பாட்டரி சார்ஜரின் எதிர்முனையை, அதாவது கறுப்பு ஒயரை, அதில் மாட்டவேண்டும். சிவப்பு ஒயரை ஒரு பழைய இரும்புக் கம்பித் துண்டில் மாட்டி அதே தண்ணீரில் இறக்கவேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. 12 வோல்ட் மின்சாரம் இரவெல்லாம் நிதானமாக வேலை செய்கிறது. காலையில் சார்ஜரை நிறுத்திவிட்டு எடுத்துப் பார்த்தால், துரு கறுத்துப்போய், பிரஷ் பட்டதும் வந்துவிடும். இரும்பு கொஞ்சங்கூடத் தேயாது. வர்ணமும் பல இடங்களில் பிடிவிட்டிருக்கும். மிச்சத்தைக் கம்பி பிரஷால் தேய்த்துக் கழுவித் துடைத்து, அன்றைக்கே பிரைமர் பூசிவிடவேண்டும். ஈர இரும்பு சில மணி நேரத்திலேயே மறுபடி சிவக்கத் தொடங்கிவிடும்.

இங்கேதான் வீட்டு அம்மாளின் காவல் வேண்டும். கம்பித் துண்டு கிடைக்கவில்லையென்று சமையலறையிலிருந்து எவர்சில்வர் கரண்டியோ தட்டோ வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எவர்சில்வரைச் சிவப்பு ஒயரில் மாட்டினால் அதிலுள்ள குரோமியம் விஷமாகித் தண்ணீரில் கலக்கும். தொட்டியிலிருந்து எழும் குமிழி ஹைட்ரஜன் வாயு, தீப்பற்றும் சரக்கு. ஆகவே தொட்டி வெட்டவெளியில் இருக்கட்டும். அதன் பக்கத்தில் பீடி வேண்டாம். அலுமினியப் பாகங்களுக்கு இந்த வைத்தியம் ஆகாது. வில் பட்டைகளுக்கும் உயர்ரக போல்ட்டுகளுக்கும் வேண்டாம். ஹைட்ரஜன் ஊறி உருக்கு நொறுங்கும் தன்மை பெற்றுவிடலாம். பட்டறைகளில் காஸ்டிக் சோடாவைக் காய்ச்சி அதில் பாகங்களை முக்குவார்கள். வர்ணம் நன்றாகத்தான் கழலும். ஆனால் ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடும். குழந்தைகள் ஓடியாடும் வீட்டுக்கு அது விருந்தாளியல்ல.

அடுத்தது கிரைண்டர். மாவு அரைக்கிற கிரைண்டர் அல்ல; கையில் பிடித்துக்கொள்ளும் நாலு அங்குல ஆங்கிள் கிரைண்டர். கம்பி பிரஷை மாட்டினால் நிமிஷத்துக்குப் பதினோராயிரம் சுற்று சுற்றும். அப்போது பிரஷிலிருந்து கம்பிகள் பிய்ந்து அம்புபோல் பறக்கும். சின்னக் கண்ணாடி போதாது. முகம் முழுவதையும் மறைக்கும் கவசம் வேண்டும். தோளில் துண்டு, தொங்கும் முந்தானை, அவிழ்ந்த பின்னல் எதுவும் அதன் பக்கத்தில் போகலாகாது.

பறப்பது கம்பி மாத்திரமல்ல, தூசியுந்தான். பழைய வண்டி வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுச் சுவர் வர்ணங்களில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்று 2016-ல் விதி செய்து, 2017 நவம்பரிலிருந்து அமலுக்குக் கொண்டுவந்தார்கள். வண்டி வர்ணங்கள் அந்த விதிக்குள் வரவில்லை. ஈயத்தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். எனவே உலர்ந்த வர்ணத்தைத் தேய்க்காமல், வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பது உத்தமம். முகத்துக்குத் துணி போதாது. என்-95 மாஸ்க் வேண்டும். வேலைக்குக் கட்டிய கைலியைத் தனியாகத் துவைக்கவேண்டும். பாப்பாவின் சட்டையோடு ஒரே வாளியில் ஊறப்போடுவது கூடாது.

பாட்டிலில் விற்கும் பெயிண்ட் ரிமூவரை வாங்குமுன் 'மெதிலீன் குளோரைடு' இருக்கிறதா என்று சீட்டைப் படியுங்கள். அதன் ஆவி உடம்புக்குள் போய்க் கார்பன் மோனாக்ஸைடாக மாறுகிறது. மூடிய அறையில் ஆளையே கொன்றிருக்கிறது. அமெரிக்காவில் 2019-லிருந்து அதைப் பொதுமக்களுக்குக் கடையில் விற்கக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள்.

காற்றோடு மணலைப் பீய்ச்சித் துருவை நீக்குவது இன்னொரு வழி. முல்லையாற்று மணல் பக்கத்தில் இருக்கும்போது யாருக்கும் ஆசை வரும். வேண்டவே வேண்டாம்! ஆற்று மணல் நொறுங்கிக் கண்ணுக்குத் தெரியாத தூளாகி நுரையீரலில் படிந்தால் சிலிகோஸிஸ் வரும். அதைக் குணப்படுத்த மருந்தில்லை. வார்ப்படங்களை மணல் வீசிச் சுத்தம் செய்யக்கூடாது என்று பிரிட்டனில் 1949-லேயே விதி செய்துவிட்டார்கள். அப்படித்தான் செய்யவேண்டுமென்றால், மூடிய பெட்டியும் வேறு வகைத் துகளும் வைத்திருக்கும் பட்டறைக்கு அனுப்புவதே சரி.

இனி கம்ப்ரஸருக்கு வரலாம். ஒரு குதிரைசக்தி இயந்திரம் நிமிஷத்துக்குச் சுமார் மூன்று நான்கு கன அடி காற்றுத்தான் கொடுக்கும். பெரிய ஸ்பிரே கன் பத்து கன அடி கேட்கும். கடைக்காரர் தொட்டியின் லிட்டரைச் சொல்லி மயக்குவார். நீங்கள் கன அடியைக் கேளுங்கள். பம்பருக்கும் வீல் டிஸ்குக்கும் சின்ன கன் போதும். அதற்குச் சின்ன இயந்திரமே ஈடுகொடுக்கும். வருஷத்துக்கு ஒருமுறை நாலு டிஸ்க் அடிப்பவருக்கு அதுவும் வேண்டாம், ஸ்பிரே டப்பாவே லாபம். வாங்கினால், தொட்டியில் தங்கும் தண்ணீரைத் தினமும் வடித்துவிட வேண்டும். ஒரு துளி வர்ணத்தில் தெறித்தாலும் அம்மைத் தழும்புதான்.

ஹார்டனர் கலக்கும் இரட்டை வர்ணத்தை வீட்டில் அடிக்கலாகாது. அதிலுள்ள ஐஸோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கும். வாசனை வந்து எச்சரிக்கவும் செய்யாது. சாதாரண எனாமலே போதும். பவுடர் கோட்டிங்குக்கு 200 டிகிரி அளவில் சுடவேண்டும். கேக் சுடும் அடுப்பின் மேல் யாராவது கண்வைத்தால் தாராளமாகச் சண்டை போடுங்கள்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். கணவாய்க் காற்று வீசும் அந்த மாதத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் வர்ணம் அடித்தால் தூசிக்குத்தான் லாபம். ஐப்பசி, கார்த்திகை மழையும் உதவாது. தை, மாசியில், பனி விலகிய முற்பகலே சரியான வேளை.

வீல் டிஸ்கில் இன்னொரு விஷயம். டிரம்மோடு ஒட்டி உட்காரும் பின்பக்கத்திலும், நட்டு அமரும் குழிகளிலும் வர்ணம் படியக்கூடாது. அடிக்குமுன் அந்த இடங்களை டேப் ஒட்டி மறைத்துவிட வேண்டும். அங்கே தடித்த வர்ணம் இருந்தால் ஓட்டத்தில் நசுங்கி இடம்விடும், நட்டு தளரும். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டையூசி வளைவுகள். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் பெண்பிள்ளைகள். சக்கரத்தை மாட்டி முதல் ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒவ்வொரு நட்டையும் மறுபடி ஸ்பானர் போட்டு இறுக்கிப் பார்த்துவிட வேண்டும்.