முதியோர் மருத்துவமும் பரிவுமிக்க பராமரிப்பும்

நாடு விடுதலை பெற்ற காலத்தில் நம் மக்களின் சராசரி ஆயுட்காலம் ஏறத்தாழ 32 ஆண்டுகளே. இன்று அது 70 ஆண்டுகளை எட்டியுள்ளது. பெரியம்மை ஒழிந்ததும், தடுப்பூசிகளும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் பரவியதும், உணவு நிலை மேம்பட்டதும் இதற்குக் காரணங்களாகும். 1961 ஆம் ஆண்டில் மக்கள் தொகையில் 60 வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 5.6 பேர், 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 8.6 பேர். எண்ணிக்கையில் இது பத்துக் கோடிக்கும் மேலாகும். ஆயுளை நீட்டித்த நாம், நீண்ட ஆயுளை நலமுடன் கழிக்க வகை செய்துள்ளோமா என்பதே இன்றைய கேள்வி.

மூப்பு வேறு, பிணி வேறு

முதுமை ஒரு நோயன்று. ஆயினும் முதியவர் ஒருவர் தளர்ந்து படுத்தால், "வயதாகிவிட்டது" என்ற ஒரு சொல்லுடன் குடும்பத்தார் அமைந்துவிடுகின்றனர்; சில வேளைகளில் மருத்துவரும் அவ்வாறே கூறி அனுப்பிவிடுகின்றார். இதனால் குணப்படுத்தக்கூடிய நோய்களும் கவனிப்பாரற்று முற்றிவிடுகின்றன.

முதியோரிடம் நோய் தன் வழக்கமான அடையாளங்களுடன் தோன்றுவதில்லை. நெஞ்சு வலியின்றியே மாரடைப்பு நேரலாம். காய்ச்சலின்றியே நுரையீரல் அழற்சி காணலாம். திடீரெனத் தோன்றும் மனக்குழப்பமோ, கால் தடுமாறி விழுதலோதான் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். மேலும், சிறுநீரகத்தின் ஆற்றல் வயதுடன் குறைவதால், நடுவயதினருக்கு ஏற்ற மருந்தளவே முதியவருக்கு நஞ்சாகலாம். பல மருத்துவர்கள் தனித்தனியே எழுதித் தரும் மருந்துகளை ஒருவரே சேர்த்துப் பார்த்து, தேவையற்றவற்றை நிறுத்துவது இத்துறையின் முக்கியப் பணியாகும்.

படுக்கையிலிருந்து எழுப்பிய மருத்துவம்

1935 ஆம் ஆண்டில், லண்டனை அடுத்த மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் மார்ஜரி வாரன் என்னும் பெண்மணி, பக்கத்திலிருந்த ஆதரவற்றோர் விடுதியின் நோயாளிகளைப் பார்க்கும் பொறுப்பை ஏற்றார். தீராத நோயினர் எனக் கருதப்பட்டு அங்கே பலர் ஆண்டுக்கணக்கில் படுக்கையிலேயே கிடந்தனர். அவர் ஒவ்வொருவரையும் முறையாகச் சோதித்தார். நோயைக் கண்டறிந்து சிகிச்சை அளித்தார். எழுந்து நடக்கப் பயிற்சி தந்தார். பலர் வீடு திரும்பினர். முதியோர் மருத்துவம் என்னும் தனித்துறை இவ்வாறுதான் வேரூன்றியது.

அவர் கண்ட உண்மை இன்றும் மாறவில்லை. படுக்கையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் முதியவரின் தசை வலுவை இழக்கச் செய்கின்றது. எனவேதான் இடுப்பெலும்பு முறிந்தவருக்கு விரைவில் அறுவை செய்து, மறுநாளே எழுந்து நிற்கச் செய்கின்றனர். கண்புரைக்கு உள்விழி வில்லை பொருத்தும் முறையும் பல இலட்சம் முதியோருக்குப் பார்வையைத் திருப்பித் தந்துள்ளது. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976 ஆம் ஆண்டில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இச்சிகிச்சையை ஏழை எளியோரிடம் கொண்டு சேர்த்ததில் பெரும் பங்கு வகித்துள்ளது.

பரிவும் ஒரு சிகிச்சையே

மருத்துவமனையில் சேர்ந்த முதியவர்கள் சிலர் இரவில் திடீரென நிலை தடுமாறிப் பிதற்றுவதுண்டு. அறிமுகமில்லாத இடம், கெட்ட உறக்கம், கழற்றி வைக்கப்பட்ட மூக்குக்கண்ணாடி, நீர் அருந்தாமை ஆகிய யாவும் இதற்குக் காரணமாகும். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் 70 வயதைக் கடந்த 852 நோயாளிகளிடம் நடத்தி 1999 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் கருதத்தக்கது. நாளும் இடமும் நினைவூட்டிப் பேசுதல், நடக்கச் செய்தல், நீர் அருந்தச் செய்தல், கண்ணாடியும் செவிக்கருவியும் எடுத்துத் தருதல், இரவில் அமைதி காத்தல் ஆகிய எளிய செயல்களால், இக்குழப்பத்துக்கு ஆளானோர் நூற்றுக்கு 15 பேரிலிருந்து ஏறத்தாழ 10 பேராகக் குறைந்தனர். விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

நம் நாட்டின் முயற்சிகள்

சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராசன் 1978 ஆம் ஆண்டில் முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கி வழிகாட்டினார். 2007 ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், அரசு மருத்துவமனைகளில் இயன்ற வரை முதியோருக்குப் படுக்கையும், தனி வரிசையும் அளிக்க வகை செய்கின்றது. 2010-11 ஆம் ஆண்டில் தொடங்கிய முதியோர் நலவாழ்வுக்கான தேசியத் திட்டம், மாவட்ட மருத்துவமனைகளில் பத்துப் படுக்கை கொண்ட பிரிவையும், ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாரம் ஒரு நாள் சிறப்புச் சிகிச்சையையும் நோக்கமாகக் கொண்டது. 2024 ஆம் ஆண்டில், 70 வயதைக் கடந்த அனைவருக்கும் வருமான வரம்பின்றி, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு விரிவாக்கப்பட்டது.

ஆயினும் காப்பீட்டு அட்டை மட்டும் நோயாளியை எழுந்து நடக்க வைக்காது. மருத்துவமனைக்கு வர இயலாதவரின் வீட்டுக்குச் செல்லும் சுகாதாரப் பணியாளர், நடைப் பயிற்சி தரும் இயன்முறை மருத்துவர், பொறுமையுடன் செவிசாய்க்கும் செவிலியர் ஆகியோர் கிராமங்கள் வரை தேவை. அதற்கான பயிற்சி எல்லா மருத்துவ, செவிலியர் கல்லூரிகளிலும் அழுத்தம் பெறுதல் வேண்டும். உழைத்து ஓய்ந்த ஒரு முதியவர் பிறர் துணையின்றித் தம் வீட்டு வாயில் வரை நடந்து வருவாராயின், அதுவே இத்திட்டங்களின் வெற்றிக்கு உண்மையான அளவுகோலாகும்.